படத்தில் இருந்தால் போதும், தரையில் வேண்டாம்

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ விட்டுப்போன நெகட்டிவ் பெட்டிகளில் என் வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. சொன்னவள் உன் தங்கை ரீட்டா. ஞாயிறு பூசை முடிந்ததும் கன்டோன்மென்ட்டிலிருந்து பஸ் பிடித்துப் பொம்மனஹள்ளிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள்.

“எல்லாப் பெட்டியும் பாத்து முடிச்சிட்டேண்ணா. தொண்ணூத்தி ரெண்டு ஜனவரி மொத்தமும் இருக்கு. லால்பாக் பூக் கண்காட்சி இருக்கு, பரேடு இருக்கு, யாரோ ஒரு மந்திரி தும்முறதுகூட இருக்கு. உங்க வீடு மட்டும் இல்ல.”

“கவர் மாறிப் போயிருக்குமோ?”

“யாரு, எங்கண்ணனா?” என்று சிரித்தாள். சிரித்த வாயை அப்படியே முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

அவள் கேட்டது சரிதான். நம் பத்திரிகைக்குப் படமெடுத்த காலம் முழுக்க, கழுவி உலர்த்திய ஃபிலிமை வெட்டி, உறையில் போட்டு, மேலே தேதியும் இடமும் பென்சிலால் எழுதாமல் நீ டீ குடிக்கப் போனதில்லை. உன் பெட்டியில் இல்லை என்றால் தொலைந்துவிட்டது என்று பொருள் இல்லை. எடுக்கப்படவே இல்லை என்று பொருள்.

போகும்போது உன் மஞ்சள் ஃபிளானல் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். நீ லென்ஸ் துடைப்பாயே, அந்தத் துணி. துவைத்து மடித்திருக்கிறாள். அப்படியும் ஹைப்போ வாடை போகவில்லை. இருட்டறையில் படத்தைக் கடைசியாக முக்கி எடுக்கும் கரைசலின் அந்தப் புளித்த வாடை, எத்தனை சோப்புப் போட்டாலும் உன் விரலை விட்டுப் போகாது. துணியை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். முதலில் உன் முகம் நினைவுக்கு வரவில்லை. என் வீட்டுத் தரைதான் வந்தது.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரியை முன்னிட்டுத் தமிழர்கள்மேல் நடந்த கலவரத்தைப் பற்றி எழுத வேண்டியதை அப்போதே எழுதிவிட்டேன். வீட்டுக்குள் நடந்ததை எங்கும் எழுதவில்லை. கூட்டம் தெருவுக்குள் வந்தபோது நான், வசந்தி, குழந்தை அனு மூவரும் வீட்டுக்காரர் ராமண்ணாவின் ராகி மூட்டை அடுக்கிய அறைக்குள் இருந்தோம். ராமண்ணா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. பின்கட்டிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து சாமான்கள் உடையும் சத்தம் கேட்டது. வசந்தி ஒவ்வொரு சத்தத்துக்கும் மெதுவாகப் பெயர் சொன்னாள். “அது டி.வி. அது பீரோ கண்ணாடி. அது தண்ணிப் பானை.” அழவில்லை. பெயர் மட்டும் சொன்னாள்.

சாலை திறந்ததும் இருவரையும் சந்தாபுரா வழியாக ஓசூர் வரை கொண்டுபோய் விட்டேன். வசந்தியின் அண்ணன் அங்கே வந்து கிருஷ்ணகிரிக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் திரும்பிவிட்டேன். ஊர் எரிகிறபோது நிருபர் ஊரில் இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. இருந்தேன். வீட்டில் இருந்தேன் என்று சொல்ல முடியாது.

போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்தபோது அங்கிருந்தவர், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து சேதத்தைப் பார்த்து மகஜர் என்ற பதிவை எழுதும் வரை எதையும் நகர்த்தாதீர்கள் என்றார். வேறு யாராவது என்றால் நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்திருப்பார்கள். நான் எடுக்கவில்லை. சம்பவம் நடந்த இடத்தில் ஒரு செருப்பை நகர்த்தினாலும் நடந்தது மாறிப்போகும் என்று எத்தனையோ பேரிடம் சத்தம் போட்டவன் நான். என் வீட்டுக்கும் அதே விதியைப் போட்டுக்கொண்டேன். கவிழ்ந்த பீரோ கவிழ்ந்தபடி கிடந்தது. உடைந்த ஜன்னலுக்கு அட்டைகூட வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் இன்று வருவார், நாளை வருவார் என்று கிறிஸ்துமஸ் போயிற்று, புத்தாண்டு போயிற்று.

வாசலிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து குழாயடிக்கும் காலால் ஒதுக்கிய ஒரு தடம் இருந்தது. அதில்தான் நடமாட்டம். சமையலறைப் பக்கம் போவதில்லை. அங்கே துவரம்பருப்பும் மிளகாய்த்தூளும் கண்ணாடிச் சில்லும் பானைத் தண்ணீரில் ஊறி, உப்பி, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. கதவைச் சாத்தி வைத்திருந்தேன். சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பது எப்போதும் நினைவில் இருந்தது. படுத்தால் தூக்கம் வராது. எழுந்தால் எழுந்த மாதிரியே இருக்காது. ஒரு விபத்துச் செய்தியில் இறந்தவர் பெயரையும் புகார் கொடுத்தவர் பெயரையும் மாற்றி எழுதிவிட்டேன். டெஸ்க்கில் பிடித்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டாததுதான் பயமாக இருந்தது.

வசந்தி, அவள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையிலிருந்து ஆபீசுக்குப் போன் செய்வாள்.

“குக்கர் வெயிட்டு கெடச்சுதா?”

“தேடலம்மா.”

“ஏன்?”

“எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“எதைத் தொடக்கூடாது? நம்ம வீட்டையா?” என்றாள்.

ரிசீவர் கை மாறியது. மச்சான் பேசினார். “மாப்ள, உங்களக் குத்தம் சொல்லல. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன். வந்து பாக்கட்டும். கால் வெக்கிற மாதிரி இருந்தா இருக்கட்டும். இல்லன்னா இங்கயே இஸ்கூல்ல பேசி வெச்சிருக்கேன், புள்ளயச் சேத்துடறேன். நீங்க அப்பப்ப வந்து போயிக்குங்க.”

மரியாதையாகத்தான் சொன்னார். ‘வந்து போயிக்குங்க’ என்றதில் எல்லாம் இருந்தது. அனு அப்போது ஒன்றாம் வகுப்பு. கிருஷ்ணகிரியில் ஒருமுறை சேர்த்துவிட்டால் அவளும் வசந்தியும் அங்கேயே தங்கிவிடுவார்கள். யார் மேலும் கோபம் இல்லாமலே ஒரு குடும்பம் இரண்டு ஊராகிவிடும். அப்படி ஆன வீடுகளை நான் அந்த மாதம் நிறையப் பார்த்திருந்தேன்.

இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீயாகத்தான் கண்டுபிடித்தாய். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டே மூக்கைச் சுளித்தாய்.

“யோவ், உன் மேல ஏதோ ஊசிப்போன வாசன வருது.”

“குளிச்சிட்டுதான்யா வந்தேன்.”

“குளிச்சிருப்ப. எங்க போயி தலை துவட்டின? பொணக் கெடங்குலயா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்தாய். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் கேமரா பை. வாசலில் நின்று உள்ளே பார்த்தாய். நீ பார்க்காத இடிபாடா? பிறகு கேட்டாய்.

“குரு, நீ வீட்ல குடியிருக்கியா, ஸ்பாட்ல குடியிருக்கியா?”

மகஜர் விஷயத்தைச் சொன்னேன். கடைசி ஞாயிறு பற்றியும் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாய்.

“அந்த ஆளு வந்து என்ன பண்ணுவான்?”

“பாத்து எழுதிக்குவான்.”

“பாக்கறதுக்கு நான் இருக்கேன். எழுதறதுக்கு நீ இருக்க. நடுவுல ரெவின்யூ எதுக்கு?”

கேமராவை எடுத்து ஃப்ளாஷைப் பொருத்தினாய். அதன் பிறகு நீ செய்ததை ஒன்றுவிடாமல் நினைவு வைத்திருக்கிறேன். கதவருகே ஆரம்பித்துச் சுவரோரமாகவே நகர்ந்தாய். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, “இது?” என்றாய். நான் சொன்னேன். “டி.வி.” ஃப்ளாஷ். “இது?” “வசந்தியோட தையல் மெஷின்.” ஃப்ளாஷ். கட்டில்மேல் ஏறி நின்று கவிழ்ந்த பீரோவை எடுத்தாய். சமையலறைக் கதவை நீயே திறந்தாய். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தரையோடு தரையாக மண்டியிட்டாய். நான் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னேன். ராகி மூட்டை அறையில் வசந்தி சொன்ன அதே பெயர்கள்தான் அவை. அவள் சொல்லி முடித்தது அங்கே. நான் அதுவரை ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

முடிந்ததும் லென்ஸை மஞ்சள் துணியால் துடைத்து மூடியைப் போட்டாய்.

“எல்லாம் படத்துல இருக்கு. இனிமே தரையில இருக்க வேணாம். தொடப்பம் எங்க?”

துடைப்பம் இல்லை. அதையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ராமண்ணாதான் தன் வீட்டுத் துடைப்பத்தையும் பக்கெட்டையும் பினாயில் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தார். “மொதல்லயே கேக்கணும்னு இருந்தேன் சார்,” என்றார் தன் கன்னடத் தமிழில். “நீங்க பேசவே இல்ல. நோவா இருக்கும்னு நானும் சும்னே இருந்துட்டேன்.” ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் புண்படுத்தக் கூடாது என்று ஒரு மாதம் குப்பையைக் காவல் காத்திருக்கிறோம்.

நீ பெருக்க ஆரம்பிப்பாய் என்று பார்த்தேன். ஆரம்பிக்கவில்லை. சாக்பீஸ் கேட்டாய். அனுவின் சிலேட்டுப் பையில் ஒரு துண்டு இருந்தது. நடு அறைத் தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டாய். “இந்தப் பக்கம் ஈரம். அந்தப் பக்கம் காஞ்சது. ரெண்டும் ஒண்ணோடொண்ணு சேந்துச்சோ, தொலஞ்ச.” இருட்டறையில் நீ வைத்திருந்த ஏற்பாடு அது. கரைசல் தட்டுகள் ஒரு மேடை, ஃபிலிமும் காகிதமும் இன்னொரு மேடை. ஈரக் கையோடு கோட்டைத் தாண்டினால் நீ கத்துகிற கத்தல் டெலிபிரின்டர் அறை வரை கேட்கும். என் வீட்டிலும் கத்தினாய். “ஈரக் கையோட புஸ்தகத்தத் தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது! உன்ன எவன்யா ரிப்போர்ட்டர் ஆக்கினான்?”

ஒட்டடையில் ஆரம்பித்தோம். மேலேயிருந்துதான் வர வேண்டும், கீழே துடைத்துவிட்டு மேலே தட்டுகிறவன் மடையன் என்றாய். கண்ணாடிச் சில்லுக்குத் துடைப்பத்தைப் போட விடவில்லை. பழைய பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, உருட்டி, தரையில் ஒத்தி ஒத்தி எடுக்கச் சொன்னாய். கண்ணுக்குத் தெரியாத தூள்கூட அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. மூலையில் கிடந்த பேப்பர் எல்லாம் நம் பத்திரிகைதான். ஒரு தாளை விரித்துப் பார்த்து, நனைத்து, என் கையில் கொடுத்தாய்.

“உன் பேரு போட்ட செய்தி குரு. இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வேல செய்யப் போகுது.”

சிரித்தேன். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் ராமண்ணா வெளியேயிருந்து எட்டிப் பார்த்தார்.

பீரோவை நீ ஒரு முனை, நான் ஒரு முனை, ராமண்ணா நடுவில் பிடித்து நிமிர்த்தினோம். அதன் அடியில் குக்கர் வெயிட்டு கிடந்தது. நான் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மாதக் களைப்பும் அப்போதுதான் வந்து சேர்ந்தது. நீ தேற்றவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெயிட்டை என் கையிலிருந்து வாங்கி, சட்டை நுனியால் துடைத்து, துளையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தாய். விசில் வரவில்லை. “அரிசி போட்டாதான் பாடுவா போல இருக்கு,” என்றாய். ராமண்ணா மறுபடி எட்டிப் பார்த்தார்.

பிற்பகலில் நடு அறை மட்டும் முடிந்திருந்தது. சமையலறையில் பாதி பாக்கி. பினாயில் காய்ந்த தரையில் பாயை விரித்து, “படு,” என்றாய். படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது ஜன்னலுக்கு அட்டை அடித்திருந்தது, நீ போய்விட்டிருந்தாய்.

வீட்டைச் சுத்தம் செய்தால் துக்கம் தீரும் என்று நான் எழுதினால் நீ ஒப்புக்கொள்ள மாட்டாய். நானும் எழுத மாட்டேன். தீரவில்லை. நடந்தது நடந்ததுதான். ஆனால் எனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்ல முடியும். அன்றுவரை வீட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் டிசம்பர் கண்ணில் பட்டது. அன்றைக்குப் பிறகு ஒரு பக்கமாவது வெறும் சுவராக இருந்தது. அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு தூங்க முடிந்தது. மறுநாள் செய்தியில் பெயர்களைச் சரியாக எழுதினேன்.

அடுத்த ஞாயிறும் வந்தாய். அதற்கடுத்ததும் வந்தாய். இடையில் நான் ஆபீஸ் போகுமுன் ஏதாவது ஒரு தட்டு, ஒரு மூலை என்று செய்துவைப்பேன். நீ வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “உம்,” என்பாய். பிறகு ஒரு விளையாட்டு. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, “தீப்பெட்டி,” என்பாய். நான் நடந்து போய்த் தொட வேண்டும். “டார்ச்.” “சாவி.” “சொம்பு.” தடுமாறினால் அந்தப் பொருளுக்கு வேறு இடம் பார்ப்பாய். “இருட்டுல கை தேடக் கூடாது குரு. தேடுச்சுன்னா ஃபிலிம் போச்சு.” எனக்கு ஃபிலிம் போகவில்லை. ஆனால் அந்த மாதிரி நாட்களில் கை தேடாமல் ஒரு தீப்பெட்டி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது. மனசு சொன்ன பேச்சைக் கேட்காது. தீப்பெட்டி வைத்த இடத்தில் இருக்கும்.

கடைசி ஞாயிறு வந்தது. குடியரசு தினப் பரேடை எடுத்து முடித்த கையோடு நீ வந்து சமையலறையை ஒருமுறை சரிபார்த்தாய். புது டப்பாக்கள் வாங்கி, பருப்பும் புளியும் உப்பும் கடுகும் நிரப்பி நீயே வரிசையாக அடுக்கியிருந்தாய். இடமிருந்து வலமாக, உன் கரைசல் தட்டுகளை வைக்கிற ஒழுங்கில். அதில் உனக்கு ரொம்பப் பெருமை. “கண்ண மூடிக்கிட்டு சாம்பார் வெக்கலாம்,” என்றாய். உனக்கும் எனக்கும் சாம்பார் வைக்கத் தெரியாது.

மூவரும் வந்தார்கள். மச்சான் செருப்பைக் கழற்றாமல் படியில் நின்றார். அனு என்னைப் பார்த்தாள், ஓடி வரவில்லை. அம்மா கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். வசந்தி உள்ளே வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். புதுக் கண்ணாடி போடப் பணம் போதவில்லை, அட்டைதான். டி.வி. இருந்த இடத்தைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாய்.

சமையலறைக்குள் போனாள். நாம் இருவரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி நடு அறையில் நின்றோம்.

“யாரு இத இப்படி அடுக்கினது?”

நீ தொண்டையைச் செருமினாய். “நாந்தான் தங்கச்சி.”

“ஏண்ணா, கடுகு டப்பாவ அடுப்புக்கு அந்தாண்ட வெச்சா, தாளிக்கறவ கைய நெருப்பு மேல நீட்டிதான எடுக்கணும்? உப்பு என்னாத்துக்கு அங்க ஒளிஞ்சிருக்கு? புளிக்கும் காப்பித்தூளுக்கும் என்ன சம்பந்தம்?”

“அது வந்து தங்கச்சி, ஒரு ஆர்டர்ல...”

“ஆர்டராம்.”

டப்பாக்கள் நகரும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு வரிசையாக. அனு அம்மாவின் பின்னால் போய் நின்று, எது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீ என் காதருகே குனிந்தாய். அந்தப் புளித்த வாடை அடித்தது.

“ஆச்சு குரு. டப்பாவ மாத்தி வெக்கிறாங்க. கெளம்பப் போறவங்க டப்பாவத் தொட மாட்டாங்க.”

மச்சான் படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். நீ டீகூடக் குடிக்காமல், பரேடு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். காலையிலேயே முடிந்த பரேடு மத்தியானத்தில் ஏது?

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கோடையில் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். புது ஜன்னல், மெழுகிய மாதிரி தரை, அடுக்கிய பாத்திரம். முகத்தில் குழப்பம். “ஏன் சார், இல்லி ஏனூ ஆகே இல்லவல்லா?” என்றார். இங்கே ஒன்றுமே நடக்கவில்லையே என்று. சமையலறை வாசலில் நின்றிருந்த வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். திரும்பி வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. படங்கள் இருக்கின்றன, வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். அவருக்கும் எனக்கும் சேர்த்து அவள் காப்பி கொண்டுவந்தாள். அவர் எழுதியதும் எழுதாததும் அதன் பிறகு எனக்கு முக்கியமாக இல்லை.

ஆனாலும் படங்களை உன்னிடம் கேட்டேன். “கழுவணும்,” என்றாய். பிறகு, “கழுவிட்டேன், பிரின்ட் போடணும்.” பிறகு, “அந்தக் கவர் எங்கயோ மாட்டிக்கிச்சு, தேடித் தரேன்.” தேடித் தருகிறேன் என்று நீ சொன்ன ஒரே பொருள் அதுதான். இருட்டில் கை தேடக் கூடாது என்றவன் பட்டப்பகலில் ஒரு உறையைத் தேடுகிறேன் என்றபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்ததோ என்னவோ. எந்தச் செய்தியையும் இரண்டு இடத்தில் கேட்டு உறுதி செய்யாமல் விடாதவன், இதை மட்டும் இரண்டாவது இடத்தில் கேட்கவே இல்லை.

ஒருமுறை நீ சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஏதோ ஒரு பஸ் விபத்து. நீ எடுத்துவிட்டுத் திரும்பியதும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பையிலிருந்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாய். ஏன் இப்போது என்று கேட்டேன். “கண்ணுல பட்டதத் தொடைக்க முடியாது. கண்ணாடில பட்டதத் தொடைக்கலாம்ல?” என்றாய். துடைத்து முடித்துத்தான் சோற்றில் கை வைத்தாய். முழுவதும் சாப்பிட்டாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நான் குளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனேன். தொட்டியில் காலைப் பாத்திரம் கிடந்தது. கழுவினேன். பிறகு தொட்டியைத் தேய்த்தேன். பிறகு குழாயை. வசந்தி வந்து பார்த்தாள். நான் செய்கிறேன் என்று சொல்லவில்லை. ஈரம் துடைக்க ஒரு துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மேடை முழுவதும் துடைத்து முடித்தபோது பசித்தது. பசித்ததற்கு வெட்கமாக இருந்தது. பிறகு சாப்பிட்டேன்.

ரீட்டா சொன்ன செய்தியை இப்போது இப்படித்தான் வைத்துக்கொள்கிறேன். ஆபீஸ் ஃபிலிமை ஆபீஸ் வேலைக்கு மட்டும் பயன்படுத்துகிறவன் நீ. சொந்த ஃபிலிம் அன்றைக்குப் பையில் இருந்ததோ இல்லையோ, கேமராவுக்குள் எதுவும் இல்லை. அது உனக்குத் தெரியும். தெரிந்தும் மண்டியிட்டாய், கட்டில்மேல் ஏறினாய், ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டாய். நான் தரையை விடுவதற்கு யாராவது ஒருவர் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நீ வந்து சொன்னாய். வசந்தியிடம் இதைச் சொன்னபோது அவள் வியக்கவில்லை. “அந்தண்ணன் டப்பா அடுக்கினதப் பாத்தப்பவே தெரியும், எதையும் செய்வாருன்னு,” என்றாள்.

இத்தனையும் இந்த வாரம் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அனு வைட்ஃபீல்டில் தனியாக ஃபிளாட் எடுத்து இருக்கிறாள், உனக்குத் தெரியும். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவளையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் சொல்லவே பல வாரம் ஆயிற்று. வீட்டுக்கு வா என்றால் வர மாட்டேன் என்கிறாள். வேலையில்லாமல் வருவது தோற்று வருவது என்று நினைக்கிறாள். போன மாதம் வசந்தி சொல்லாமல் போய்விட்டாள். அனு கதவைப் பாதிதான் திறந்தாளாம். திறந்த பாதியில் தெரிந்ததை வசந்தி என்னிடம் சொன்னாள். பகலிலும் மூடிய திரை, சோபா மேல் துணி மலை, தின்ற பொட்டலங்கள், நடக்க ஒரு தடம். சொல்லிக்கொண்டே வந்தவள் தடம் என்றதும் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டுகிற தூசிக்குள் பஸ்ஸுக்கு நிற்கவே அலுப்பாக இருக்கிறது. வைட்ஃபீல்டு போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அவளுக்கு வேலை வாங்கித் தர என்னால் முடியாது. அவள் தூக்கத்தை நான் தூங்க முடியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போனதும் பெருக்க ஆரம்பிக்கக் கூடாது. ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்கக் கூடாது. முதலில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அவளைப் பெயர் சொல்ல விட வேண்டும்.

நேற்று போன் செய்தேன். உன்னைப் பற்றியும் ரீட்டா கொண்டுவந்த செய்தியைப் பற்றியும் சொன்னேன்.

“நான் அப்ப அம்மா பின்னாடி நின்னுட்டு இருந்தேன்பா. டப்பா நகத்தறதப் பாத்தேன். எனக்கு அது ஞாபகம் இருக்கு.”

“நான் ஒரு நாள் வரட்டுமா? நான் மட்டும். அம்மா வேணாம்.”

“வந்து?”

“சும்மா. உக்காந்துட்டு வரேன்.”

“இங்க உக்கார எடம் இல்லப்பா.”

“நின்னுட்டு வரேன்.”

சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது, லைன் சரியில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

இன்று புதன்கிழமை. சனிக்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன்.